பெட்டி வாங்கும் முன் தேனீயின் பெயரைக் கேளுங்கள்

தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர், வேலிச் செடியில் தொங்கும் அடையைப் படமெடுத்து வந்து, "இதைப் பெட்டியில் விடலாமா?" என்று கேட்பார்கள். விட முடியாது. அது கொம்புத் தேனீ. கொம்பு என்றால் கிளை. வெளிச்சத்தில், கிளையைச் சுற்றி ஒற்றை அடை கட்டுகிற இனம். மலைத் தேனீயும் ஒற்றை அடைதான். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கட்டும். இரண்டும் பெட்டியில் தங்குவதில்லை. இருண்ட பொந்துக்குள் அடைகளை வரிசையாக அடுக்கிக் கட்டும் அடுக்குத் தேனீ, அதாவது இந்தியத் தேனீ, பெட்டிக்கு வரும். பெயரை மதித்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

பழைய கருவிகளும் கூட்டைப் பார்த்து உண்டானவையே. பாறைத் தேனுக்கு மால்பு: கணுக்களே படியாகும் மூங்கில் ஏணி. மலைபடுகடாம் அதைப் பாடுகிறது. பழைய மால்பு என்று அறியாமல் ஏறிய பேதை குறுந்தொகையில் உவமையாகவே வருகிறான். தேனெடுக்க ஏறுகிறவர்கள் கயிற்றையும் ஏணியையும் சோதிக்க வேண்டும் என்று இன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொந்துத் தேனீக்கு மண்பானை வைத்தார்கள். பானையில் அடையை அறுத்துத்தான் எடுக்க முடியும். கையால் பிழிந்தால் தேனீயின் இளம்புழுவும் மகரந்தமும் கலந்து தேன் சீக்கிரம் புளித்துவிடும். புழுக்கள் அழிவதால் கூட்டமும் நலியும்.

தேனீ நடமாடும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டால் அதை அடை கட்டி நிரப்பாது என்பதை 1851-இல் அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் பெட்டி அமைப்புக்குப் பயன்படுத்தினார். அடையைத் தாங்கும் மரச்சட்டத்தைக் கழற்றி மாட்டும் பெட்டி அதிலிருந்து பிறந்தது. 1910-களில் திருச்சிப் பகுதியில் பாதிரியார் நியூட்டன் நம் சிறிய தேனீக்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் கேட்டு வாங்குகிறோம்.

அளவு தவறிய பெட்டிகள்தான் என் கவலை. இடைவெளி கூடினால் தேனீ இரண்டு சட்டங்களுக்கும் நடுவே மெழுகால் பாலம் கட்டிவிடும். ஒரு சட்டத்தை உருவினால் பக்கத்து அடையும் கிழியும். தேன் ஒழுகிப் புழு அறையில் வடியும். வாசனைக்கு எறும்பு ஏறும். இந்தியத் தேனீ அதைப் பொறுக்காமல் கூட்டத்தோடு பறந்துவிடக்கூடும். நம் தேனீயைவிடப் பெரிய இத்தாலியத் தேனீக்கான பெட்டியில் சட்ட இடைவெளி சற்றே அதிகம். விலை மலிவென்று அதை வாங்கி நம் தேனீயைக் குடிவைக்காதீர்கள். கடையிலேயே எல்லாச் சட்டங்களையும் மாட்டிப் பாருங்கள். இடைவெளிகளை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள்; ஒன்று கோணலாக இருந்தாலும் வேறு பெட்டி கேளுங்கள்.