புது டயர் வாங்கும் முன் பழைய டயரைப் பாருங்கள்

டயர் மாற்ற வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "இது எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றுதான். அடுத்து விலை. அப்புறம், "சத்தம் வருமா?" மழையில் பிரேக் அடித்தால் எப்படி நிற்கும் என்று கேட்பவர் அபூர்வம். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பது, என் தொழில் என்பதால், ஆசையாக வாங்கிப் போன டயர் இரண்டொரு வருடம் கழித்து எந்தக் கோலத்தில் திரும்பி வருகிறது என்பதும் என் கண்ணில் படும்.

டூரிங் டயர் என்றால், குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிற காருக்கானது. சொகுசாக ஓட வேண்டும், இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும், சீக்கிரம் தேயக்கூடாது. ஸ்போர்ட்ஸ் டயர் மாதிரி வளைவில் இறுக்கிப் பிடிக்கும் என்று இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கிராண்ட் டூரிங் என்று விற்பவை பொதுவாக வேக மதிப்பு (டயர் தாங்கும் உச்ச வேகம்) கொஞ்சம் கூடியவை. ஆனால் இவையெல்லாம் சந்தைக்காக வைத்த பெயர்கள்தான். ஒரு கம்பெனியின் டூரிங் டயரும் இன்னொரு கம்பெனியின் டூரிங் டயரும் ஈரச் சாலையில் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

காரணம் ரப்பர் கலவை. நீண்ட ஆயுள், ஈரப் பிடிமானம், எரிபொருள் சிக்கனம் மூன்றையும் ஒரே டயரில் கொண்டுவருவது கஷ்டம். ஒன்றை இழுத்தால் இன்னொன்று சுருங்கும். 1990களில், ரப்பரில் கலக்கும் கரித்தூளான கார்பன் பிளாக்கின் ஒரு பகுதிக்குப் பதிலாக சிலிக்கா என்ற வெள்ளைத் தூளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு இந்த இழுபறி ஓரளவு தளர்ந்தது. ஆனாலும் தீர்ந்துவிடவில்லை. ஆகவே ஒரு டயரின் தேய்மான எண் மட்டும் மிக உயரமாக இருந்தால், அதற்காக எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் டிரெட்வேர் 300, 400, 500 என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்க அரசின் தர முறை இது. ஒரு ஒப்பீட்டு டயரை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். 400 என்றால் அதே சோதனையில் அதைவிட நான்கு மடங்கு மெதுவாகத் தேய்ந்தது என்று பொருள். 40,000 கிலோமீட்டர் என்றோ 4 வருடம் என்றோ அர்த்தம் இல்லை. சோதனை டெக்சாஸில் சுமார் 640 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைச் சுற்றில் நடக்கிறது. ஓடும் தூரம் மொத்தம் ஏறக்குறைய 11,600 கிலோமீட்டர். அதில் தேய்ந்த அளவை வைத்து மீதியைக் கணக்குப் போடுகிறார்கள். எண்ணை அறிவிப்பதும் தயாரிப்பாளரே. எனவே ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட இந்த எண் உதவும், இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவாக உதவாது.

அதன் பக்கத்திலேயே டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி எழுத்துகள் இருக்கும். ஈரத் தளத்தில் நேர்கோட்டில் பிரேக் அடித்துப் பார்த்துத் தருவது இது. வளைவுப் பிடிமானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டூரிங் டயர் எடுப்பவர் ஏ-க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் கிடைத்தால் இன்னும் தெளிவு. 2021 மே மாதத்திலிருந்து அதில் எரிபொருள் சிக்கனத்துக்கும் ஈரப் பிடிமானத்துக்கும் தனித்தனியாக ஏ முதல் இ வரை தரம் உண்டு, வெளிச்சத்தம் டெசிபலில் இருக்கும். அந்த டெசிபல், தெருவில் நிற்பவருக்குக் கேட்கிற சத்தம். கார் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது வேறு.

லேபிளில் இன்னொரு விஷயத்தையும் மறக்கக்கூடாது. அந்தத் தரமெல்லாம் புது டயருக்கு. புது டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். பல நாடுகளில் 1.6 மில்லிமீட்டர் வரை சட்டம் அனுமதிக்கிறது. பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டத்தான். ஆனால் 3 மில்லிமீட்டரிலேயே மழைச்சாலைக் கதை மாறிவிடும். தேங்கிய நீரில் வேகமாகப் போனால் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும், ஸ்டீயரிங் திடீரென்று லேசாகும். ஆயுள் நீண்ட டயரை வாங்கி, மொட்டையாகும் வரை ஓட்டுகிறவர் தன் பயணங்களில் கணிசமான பகுதியை இந்த மோசமான கட்டத்தில் ஓட்டுகிறார். எண் பார்த்து வாங்குவதில் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்.

சரி, பழைய டயருக்கு வருவோம். கழற்றியவுடன் அதை ஓரமாக உருட்டிவிடாமல் ஒரு முறை பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். பெரும்பாலும் உள் ஓரம்தான் தேயும். வெளியே நின்று பார்த்தால் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) நன்றாக இருப்பது போல் தெரியும், குனிந்து உள்ளே பார்த்தால் கம்பி எட்டிப் பார்க்கும்.

கண்ணுக்குத் தெரியாததைக் கை காட்டும். கம்பி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, டயரின் மேல்பரப்பில் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு உள்ளங்கையை மெல்ல இழுங்கள். பிறகு எதிர்த் திசையில் இழுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலக் கையைப் பிடித்து இழுப்பதாகவும் இருந்தால், சக்கரங்கள் நேராகப் பார்க்கவில்லை, டயர் லேசாகப் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் அதுவும் அதே கதிக்குத்தான் வரும். ஒரு வாடிக்கையாளர் தன் பழைய டயர் மட்டமானது என்று திட்டிக்கொண்டே வந்தார். கையை வைத்துப் பார்த்தால் நான்கில் இரண்டில் அந்த ரம்பப் பல். டயர் பாவம், என்ன செய்யும்?

சத்தத்துக்கும் இதே கதைதான். "டயர் இரையுது, மாத்திடுங்க" என்று வருபவர்களில் சிலருக்கு உண்மையில் போயிருப்பது வீல் பேரிங், அதாவது சக்கரம் உராய்வில்லாமல் சுழல உதவும் பாகம். தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறும்போது இரைச்சல் மாறினால் அது டயர். தரை ஒரே மாதிரி இருந்தும், நீண்ட வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். இதைப் பார்க்காமல் மாற்றினால் புது டயரோடும் அதே இரைச்சல்தான்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 205/55 ஆர்16 91வி என்று இருந்தால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரேடியல் வகை, ரிம் 16 அங்குலம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரை, எச் என்றால் 210, டி என்றால் 190. "நான் 120-ஐத் தாண்டுவதே இல்லை, எதற்கு வி?" என்று கேட்பார்கள். அந்த எழுத்து, சூட்டைத் தாங்கும் திறனையும் சேர்த்துத்தான் சொல்கிறது. கார் கம்பெனி சொன்ன எடை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே இறங்காதீர்கள். "கொஞ்சம் பெரிசா போட்டா கெத்தா இருக்கும்" என்ற யோசனையும் வேண்டாம். அதே காரில் 215/60 போட்டால் டயரின் மொத்த உயரம் ஐந்து சதவீதம் கூடிவிடும். வேகமானி 100 காட்டும்போது முன்பைவிட ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் உள்ளே உரசவும் கூடும்.

தயாரித்த தேதியை, டயரை ரிம்மில் ஏற்றும் முன் பாருங்கள். டாட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் அது. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். இந்த இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், உள்பக்கம் போய்விட்டால் பிறகு படுத்துத்தான் பார்க்க வேண்டும். நிழலில் ஒழுங்காக வைத்திருந்த டயர் சில மாதம் பழையது என்பதற்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு ஆண்டு என்றால் கேள்வி கேளுங்கள். ஸ்டெப்னியையும் அப்படியே பாருங்கள். பட்டன் தேயாமலே ரப்பரில் விரிசல் விட்ட டயரை நான் அதிகம் பார்ப்பது அங்கேதான்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், புதியவை பின்னால் போக வேண்டும். இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். முன்சக்கரம்தான் இழுக்கிறது, அதுதான் திரும்புகிறது, புதுசு முன்னால்தானே என்பார்கள். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் கார் அடங்கிவிடும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றத் தொடங்கிய பிறகுதான் தெரியும், சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடித்து நிறுத்துவது கடினம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் இரண்டு மட்டும் மாற்றுவதே சரிவராமல் போகலாம், சுற்றளவு வித்தியாசத்தை அந்த அமைப்பு தாங்காது. கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். அவுட்சைடு என்று அச்சிட்ட பக்கம் வெளியே இருக்க வேண்டும், அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழலும் திசை. அவசரத்தில் இது மாறிப்போவதுண்டு. ரப்பர் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், நான்குக்கும் பேலன்சிங் செய்யச் சொல்லுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயர் எளிதாகக் கழன்று வரப் பூசிய வழவழப்பு மேல்பரப்பில் மிச்சம் இருக்கும்.

காற்றின் அளவைப் புது டயரின் பக்கவாட்டில் தேடாதீர்கள். அங்கே இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் நிறைந்து சாமானோடு போகும்போது எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அதிலேயே தனி வரியாக இருக்கும். டூரிங் டயர் வாங்குகிறவருக்கு அதிகம் தேவைப்படும் வரி அது. பொருத்திய மறுநாள் காலையில், வண்டியை எடுக்கும் முன் அளந்து பாருங்கள். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அளந்தால் நான்கைந்து பிஎஸ்ஐ கூடிக் காட்டலாம், சூட்டில் அப்படித்தான். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.