மலையிலிருந்து தண்டவாளம் வரை: பிலாயின் இரும்பு வழி

இந்தியாவில் எந்த ஊருக்கு ரயிலில் போனாலும், பெட்டிக்கு அடியில் கிடக்கும் தண்டவாளம் பெரும்பாலும் சத்தீஸ்கரின் பிலாய் உருக்காலையில் உருட்டப்பட்டதாகவே இருக்கும். அதற்கும் முன்னால் அது பிலாய்க்குத் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில், தல்லி ராஜ்ஹரா மலைகளில் ஹேமடைட் என்னும் செந்நிறத் தாதுவாகக் கிடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டாட்டா நிறுவனத்தார் இந்த மலைகளை ஆராய்ந்தார்கள். தாது உயர்தரமானது, ஆனால் அதை உருக்குவதற்கேற்ற நிலக்கரி பக்கத்தில் இல்லை. விட்டுவிட்டுக் கிழக்கே போனார்கள். 1955இல் சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தமாகி, 1959 பிப்ரவரியில் தாதுவை உருக்கி இரும்பாக்கும் பிலாயின் முதல் ஊதுலை இயங்கத் தொடங்கியபோது அந்தக் குறையை ரயில்தான் ஈடுகட்டியது. ஒரு டன் இரும்புக்குச் சுமார் 1.6 டன் தாது வேண்டும். நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கற்கரி அரை டன் அளவில் போதும். அதிக எடையுள்ள தாதுவுக்குப் பக்கத்தில் ஆலையை வைத்து, நிலக்கரியைத் தொலைவிலிருந்து வரவழைப்பதே கணக்குக்கு ஒத்துவந்தது.

அந்தத் தாதுவை வெட்டியும் சுமந்தும் தந்தவர்களின் கதை தனியே எழுதப்பட வேண்டியது. 1977இல் தல்லி ராஜ்ஹராவில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகச் சுரங்கத் தொழிலாளர்களே பணம் சேர்த்து 1983இல் ஷஹீத் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். பிலாயின் பெருமையைப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது.

ஊதுலையில் கற்கரி எரிந்து உருவாகும் கார்பன் மோனாக்சைடு, தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறது. சுண்ணாம்புக்கல் மற்ற அழுக்குகளோடு சேர்ந்து கசடாக மிதக்கிறது. அடியில் சேரும் உருகிய இரும்பில் 4 சதவீதத்துக்கு மேல் கார்பன் இருக்கும். அப்படியே வார்த்தால் அடி தாங்காமல் உடைந்துவிடும். அதனால் மாற்றுலையில் ஆக்சிஜனை ஊதிக் கார்பனை எரிக்கிறார்கள். தண்டவாள எஃகில் அது 0.6 முதல் 0.8 சதவீதம் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

இதுவரை எல்லா உருக்காலைகளுக்கும் பொது. தண்டவாளத்துக்கோ ஒரு பெரிய எதிரி உண்டு: ஹைட்ரஜன். ஈரப்பதத்திலிருந்து உருகிய எஃகுக்குள் புகும் இந்த வாயு, எஃகு இறுகும்போது வெளியேற வழியின்றி உள்ளே சிக்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்குகிறது. ஆயிரக்கணக்கான சக்கரங்கள் ஏறி இறங்கும்போது அந்த விரிசல் வளர்ந்து, ஒருநாள் தண்டவாளமே முறியலாம். ஆகவே உருகிய எஃகில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 1.6 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ரயில்வே வரம்பு வைத்திருக்கிறது. அந்த அளவுக்குக் குறைக்க ஒரு வெற்றிடக் கலத்தின் இரண்டு குழாய்களை உருகிய எஃகுக்குள் இறக்குகிறார்கள். ஒரு குழாயில் ஆர்கான் வாயுவைச் செலுத்தியதும் எஃகு அதன் வழியே மேலேறுகிறது. வெற்றிடத்தில் ஹைட்ரஜனைக் கைவிட்டு மற்றொரு குழாய் வழியே கீழே இறங்குகிறது. பல டன் தீக்குழம்பு இப்படிச் சுற்றிச் சுற்றி மூச்சுவிடுவது, உருக்குத் தொழிலின் மிக அழகான உத்தி என்பேன்.

உருட்டியெடுத்த தண்டவாளங்களைப் பற்றவைத்து 260 மீட்டர் நீளத்தில் அனுப்புகிறார்கள். மீட்டருக்கு 60 கிலோ என்றால் ஒரே துண்டு 15.6 டன்! அது வரிசையாகக் கோத்த பல பெட்டிகளின் மேல் நீண்டு கிடக்கிறது. ரயில் வளைவில் திரும்பும்போது, அந்தக் கனத்த எஃகும் பாதையோடு சேர்ந்து வளைந்து கொடுக்கிறது. பழைய 13 மீட்டர் தண்டவாளம் என்றால் பாதையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 77 துண்டுகள் வேண்டும். இப்போது நான்கு போதும். இணைப்புகள் குறைந்தால் அதிர்ச்சியும் தேய்மானமும் குறையும்.

இடைவெளி விடாமல் பற்றவைத்தால் வெயிலில் என்னவாகும்? வெப்பநிலை 30 டிகிரி கூடினால், தடையின்றிக் கிடக்கும் 260 மீட்டர் தண்டவாளம் 9 சென்டிமீட்டர் நீளும். ஆனால் பாதையில் அது நீள முடியாது. அடியில் குறுக்கே கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பரும் ஜல்லியும் அதை இறுகப் பிடித்திருக்கின்றன. நீள முடியாத எஃகு, அழுத்தமாக அந்த வெப்பத்தைத் தாங்குகிறது. ஒவ்வொரு தண்டவாளத்திலும் அது சுமார் 55 டன் விசை. ஜல்லி குறைந்த இடத்தில் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடலாம். அதனால்தான் கோடையின் உச்சி வெயிலில், மற்றவர்கள் நிழல் தேடும் நேரத்தில், டிராக்மேன்கள் பாதையோரம் நடந்து நெளிவு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். தெரிந்தால் உடனே சிவப்புக் கொடியைக் காட்டி ரயிலை நிறுத்துவது அவர்கள் பொறுப்பு.