அப்பாலஜெடிக்ஸ்: உத்தரவா, விடையா?

சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. கல்யாணப் பத்திரிகை, பொங்கல் விழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, சபைக் கைப்பிரதி எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். ஒற்று மிகுமா மிகாதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை.

போன மாதம் வேதாகமப் படிப்புப் படிக்கும் தம்பி ஒருவர் 32 பக்கச் சிறுநூல் ஒன்றைக் கொண்டுவந்தார். நாத்திகர்களுக்குக் கிறிஸ்தவம் சொல்லும் பதில் அது. பக்கத்துக்கு நாலு இடத்தில் 'அப்பாலஜெடிக்ஸ்' என்று கிடந்தது. மத நம்பிக்கைக்காக வாதம் வைத்துப் பேசும் துறைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். "அண்ணே, இதுக்கு நல்ல தமிழ்ச்சொல் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். யாரை மடக்க எழுதினாரோ அவனிடமே ஆயுதத்துக்குப் பெயர் கேட்கிறார். மறுக்க மனம் வரவில்லை.

சொல்லின் ஊர் ஏதென்ஸ். அங்கே நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுகிறவன் முதலில் பேசுவான். குற்றம் சாட்டப்பட்டவன் எழுந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வான். அந்தப் பேச்சுக்கு 'அப்போலொகியா' என்று பெயர். மன்னிப்புக் கேட்பது என்ற பொருள் ஆங்கிலத்தில் பின்னால் ஏறியது. கிரேக்கத்தில் அது நிமிர்ந்து நின்று பேசுவது. உலகம் மறக்காத அப்போலொகியா கி.மு. 399-இல் சாக்ரடீஸ் பேசியது. அவர் மேலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, ஊர் கும்பிடும் தெய்வங்களை அவர் ஏற்கவில்லை என்பது. ஆகக் கடவுளை மறுத்தான் என்ற பழிக்குச் சொன்ன பதிலால் புகழ்பெற்ற சொல்தான் இன்றைக்குக் கடவுள் மறுப்பாளரை மடக்கும் துறைக்குப் பெயராகியிருக்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ரோமப் பேரரசில் முதல் கிறிஸ்தவர்களையே நாத்திகர் என்றுதான் திட்டினார்கள். கோயிலும் சிலையும் பலியும் இல்லாதவர்களை வேறென்ன சொல்வது? இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்பவர் பேரரசருக்கு எழுதிய அப்போலொகியாவில், நீங்கள் கும்பிடும் தெய்வங்களைப் பொறுத்தவரை நாங்கள் நாத்திகர்தான் என்று ஒப்புக்கொள்கிறார். அந்தக் கணக்கில் அவருக்கும் எனக்கும் ஒரேயொரு தெய்வம்தான் வித்தியாசம். நம் பக்கத்திலும் 'நாஸ்திகன்' என்பவன் கடவுளை மறுத்தவன் அல்லன். மனுவின் கணக்கில் வேதத்தைப் பழித்தவன்தான் நாஸ்திகன். அந்த அளவுகோலை எடுத்தால் தம்பியும் தப்ப மாட்டார்.

இனித் தமிழுக்கு வருவோம். இத்துறையில் இருப்பவர்கள் தங்களுக்கு ஆதாரமாகக் காட்டும் வசனம் பைபிளில் பேதுருவின் முதல் கடிதத்தில் இருக்கிறது (1 பேதுரு 3:15). கிரேக்க மூலத்தில் 'அப்போலொகியா' என்ற சொல்லே அங்கே நிற்கிறது. புரட்டஸ்தாந்து சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு அதை இப்படித் தருகிறது: உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள்.

உத்தரவு! சின்ன வயதில் ஒரு தெருப் பிரசங்கத்தில் இந்த வசனத்தைக் கேட்டபோது, எல்லாருக்கும் கட்டளை போடச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். கலெக்டர் உத்தரவு, ஊரடங்கு உத்தரவு என்று கேட்டு வளர்ந்த காதுக்கு வேறெப்படிப் படும்? உண்மையில் 'உத்தரம்' வடமொழியில் பதில். கேள்வியும் பதிலுமாக வரும் பழைய செய்யுள் வகை ஒன்றுக்கு 'வினாவுத்தரம்' என்றே பெயர். மொழிபெயர்த்தவர்கள் சரியாகத்தான் போட்டார்கள், அப்புறம் சொல்தான் நகர்ந்துவிட்டது.

எப்படி நகர்ந்தது? நம் கோயில்களில் போய்ப் பாருங்கள். பெண்ணைக் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு 'உத்தரவு கேட்பது' என்று பெயர். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது. கேட்டது கேள்வி, வந்தது பதில், ஆனால் வந்த பிறகு அது கட்டளை. மேலே இருப்பவர் சொல்லும் பதிலைக் கீழே இருப்பவன் மறுத்துப் பேச முடியாது. பதில் என்ற சொல் கட்டளையாக மாறியது இந்த ஏணியில் வைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேதுரு சொன்னதிலோ ஏணி இல்லை. கேட்கிறவன் கேட்கிறான், பதில் சொல்பவன் சாந்தமாகச் சொல்கிறான். கத்தோலிக்கரின் இன்றைய மொழிபெயர்ப்பு 'விடையளிக்க' என்று போட்டுச் சிக்கலைத் தீர்த்துவிட்டது.

மதுரைக்கு இந்த வேலை புதிதில்லை. 1606-இல் இங்கே வந்து சேர்ந்த இத்தாலியர் இராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். காவி கட்டி, புலால் விட்டு, தமிழும் வடமொழியும் படித்தார். அவருக்கு முன்பே இந்த ஊரில் இருந்த பாதிரியார் பெர்னாண்டஸுக்கு அவர் போக்குப் பிடிக்கவில்லை. புகார் ரோம் வரை போய், 1623-இல் போப்பாண்டவர் நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஆக, மதுரையில் இருந்துகொண்டு அவர் முதலில் அப்போலொகியா சொல்ல வேண்டியிருந்தது தம் சபையாரிடமே! தமிழ் உரைநடையில் அவர் எழுதியவற்றுள் ஒன்றின் பெயர் 'தூஷண திக்காரம்', அதாவது பழிச்சொல்லை மறுத்துத் தள்ளுவது. இன்றைய துறையின் பெயருக்கு 17-ஆம் நூற்றாண்டு மதுரை கண்ட சொல் அது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கேட்கிறவன் மொழியைக் கற்று அவன் பாயில் உட்கார்ந்து பேசியவர் என்ற மரியாதை எனக்கு அவர்மேல் உண்டு. சாதியை வெறும் உலக வழக்கம் என்று விட்டுக்கொடுத்தது அந்த மரியாதையில் ஓட்டை.

சைவர்களும் இந்த வேலையைப் பார்த்தவர்கள்தான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையை மறுக்கும் பகுதி பரபக்கம், தன் கொள்கையை நிறுவும் பகுதி சுபக்கம். தம்பியின் 32 பக்கத்தில் 25 பரபக்கம்தான். மீதியில் அவர் வைத்திருந்த பெரிய வாதம், கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவன் இருக்க வேண்டும் என்பது. 1802-இல் ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் பேலி எழுதியது. சைவர்களிடம் இதுவே குடமும் குயவனுமாக அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அவர்கள் அதை வைத்துச் சிவனை நிறுவினார்கள். ஒரே சாவி இரண்டு வீட்டையும் திறக்கிறது என்றால் பூட்டில்தான் ஏதோ கோளாறு.

பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் பந்தயமும் இருந்தது. கடவுள் இருந்துவிட்டால் நம்பியவனுக்கு லாபம், இல்லாவிட்டால் நட்டமில்லை என்பது. மதுரைக்காரனிடம் இது செல்லாது தம்பி என்றேன். மீனாட்சி, அழகர், கோரிப்பாளையம் தர்கா, கீழவாசல் மாதா கோயில், அப்புறம் ஊருக்கு ஊர் கருப்பசாமி. எந்தக் குதிரை மேல் கட்டுவது?

சரி, சொல்லுக்கு வருகிறேன். நடப்பில் இருப்பது 'தற்காப்பியல்'. அதைக் கேட்டால் சிலம்பப் பள்ளி நினைவு வருகிறது. 'காப்புரை' அழகுதான், ஆனால் அதில் எதையோ ஆபத்திலிருந்து காப்பாற்றும் பதற்றம் தெரிகிறது. 'மறுப்புரை' பரபக்கம் மட்டும். நீதிமன்றத் தமிழில் 'எதிருரை' உண்டு. கிரேக்கப் பொருளுக்கு அதுதான் நெருக்கம், ஆனால் கேட்கிறவனைப் பேதுரு வழக்காடியாகப் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் கேட்டால் 'சாமிக்கு வக்காலத்து வாங்குறது' என்பார்கள். பொருள் கச்சிதம். அட்டையில் போட முடியாது.

நான் எழுதிக்கொடுத்தது 'விடையுரை'. செய்பவர் விடையுரைஞர். ஒரு வசதியும் ஒரு தொல்லையும் இந்தச் சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன: விடை என்றால் முன்னால் வினா இருந்தாக வேண்டும். என்னைத் தேடி வந்த கைப்பிரதிகளில் வினாவையும் அவர்களே அச்சடித்துத் தருகிறார்கள். 'இன்று இரவு நீ மரித்தால் எங்கே போவாய்?' என்று ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒன்று கையில் திணிக்கப்பட்டது. தத்தனேரிச் சுடுகாட்டுக்குத்தான் போவேன், மதுரையில் வேறெங்கே போவது? நன்னூல் பகுத்த ஆறு வகை வினாவில் இது அறிவினா. விடையைக் கையில் வைத்துக்கொண்டு வாத்தியார் பையனைக் கேட்பது. நான் கேட்கும் அறியாவினா வேறு. குழந்தைக்குப் புற்றுநோய் ஏன்? அதற்கு அந்த 32 பக்கத்தில் 6 வரிதான் இருந்தது.

இன்னொன்றும் கேட்டேன். "எது நடந்தா உங்க நம்பிக்கை தப்புன்னு ஒத்துக்குவீங்க?" தம்பி யோசித்தார். எனக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை ஞாபகம் வந்தது. கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். "யாம் உடைச் சிலம்பு முத்து உடை அரியே" என்று பாண்டியன் சொல்கிறான். அதை எப்போது சொல்கிறான் என்பதுதான் விஷயம். சிலம்பை உடைப்பதற்கு முன்னால். உடைத்தபின் மாணிக்கம் தெறிக்கவும், முத்தே சில நேரம் மாணிக்கமாகத் தெரியும் என்று அவன் விளக்கம் சொல்லவில்லை. இப்படி முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டுச் சிலம்பை உடைக்க வரும் விடையுரைஞரை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் நாத்திகப் பக்கத்துப் பேச்சாளர்களும் இதில் யோக்கியர்கள் என்று சொல்ல மாட்டேன். மேடையில் கைதட்டு வாங்கத் தெரிந்த அளவுக்கு எதிரில் இருப்பவனை முழுதாகக் கேட்கத் தெரியாது.

தம்பிக்கு 'விடையுரை' பிடித்துவிட்டது. உபரியாக நன்னூலிலிருந்து ஒன்று காட்டினேன். பவணந்தியார் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறார். இது செய்வாயா என்றால் நீயே செய் என்பது ஏவல் விடை. உத்தரவுக்கும் இலக்கணத்தில் இடம் இருக்கிறது, பாருங்கள். அந்த நூற்பாவில் அவர் விடைக்குப் போடும் சொல் 'இறை'.

தம்பி நாற்காலியில் நிமிர்ந்தார். "என்னண்ணே, விடைன்னாலே இறைதான்னு நன்னூலே சொல்லுது! இதை முதல் பக்கத்துல போட்டுறலாம்."

"இறைக்கு வரின்னும் ஒரு அர்த்தம் இருக்கு தம்பி. வரி இல்லாத நிலத்தைக் கல்வெட்டுல இறையிலின்னு வெட்டியிருப்பாங்க."

"அப்ப நீங்க இறையிலியாண்ணே?"

"நான் மட்டுமா? கோயிலுக்கு விட்ட நிலமெல்லாம் இறையிலிதான்."

சிரித்துக்கொண்டே புரூப்பை வாங்கிக்கொண்டு போனார். 17-ஆம் பக்கத்தில் 'நாத்தீகர்' என்று நெடிலாகக் கிடந்ததைத் திருத்தியிருந்தேன். அதை மட்டும் கவனித்தாரா தெரியவில்லை.