நிறுத்திய பிறகும் கொதிக்கும் உலை

போன மாதம் திருகோணமலை நிலாவெளியில் ஒரு வீட்டுக் கூரையில் நின்றேன். சோலார் தகடுகளில் ஒரு பழுதும் இல்லை. அவற்றைப் பிடித்திருந்த போல்ட்டுகள்தான் கறள் பிடித்து, விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தன. விலை குறைவென்று யாரோ சாதாரண இரும்பைப் போட்டிருக்கிறார்கள். கீழே நின்ற ஐயா கேட்டார்: "தம்பி, இந்த உப்புக்காத்தோட மல்லுக்கட்டுறத விட, நாட்டுக்கு ஒரு அணு உலை போட்டா என்ன?"

நியாயமான கேள்வி. அணு உலை புகை விடாது, இரவிலும் கரண்ட் தரும். கரண்ட் வேலை செய்கிறவனாக, அது ஓடுவதை விட நிற்பதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலைக்குள் சுமார் 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. அணுப்பிளவை நிறுத்திய கணத்திலும் அதில் 6 சதவீதமளவு, அதாவது 180 மெகாவாட், வந்துகொண்டே இருக்கும். பிறகு குறையும், ஆனால் நாட்கணக்கில் அணையாது. அதுவரை தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீர் ஓட பம்புக்குக் கரண்ட் வேண்டும். 2011 மார்ச் 11இல் புகுஷிமாவில் பூமி அதிர்ந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. பின்னால் வந்த கடல் டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. மூன்று உலைகள் உருகின. 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த திருகோணமலைக்காரருக்கு, கடல் எப்படி வரும் என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை.

சோலாரிலும் ஆபத்து உண்டு. வெயில் இருக்கும்வரை தகட்டு வயரில் டிசி (நேரோட்ட) கரண்ட் இருக்கும், கை வைக்கக் கூடாது. ஆனால் பிரேக்கரை இறக்கினால் அதைத் தாண்டி கரண்ட் போகாது. யாரும் ஊரைக் காலி பண்ண வேண்டியதில்லை.

அடுத்தது நம் இலங்கை மின்வலையின் அளவு. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியதாகச் சொன்னார்கள். நாடு முழுக்க இருண்டது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன, அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. அங்கே ஒரு இயந்திரம் 300 மெகாவாட்தான். அதைவிடப் பெரிய ஒற்றை உலை திடீரென்று நின்றால் இந்தச் சின்ன வலை எதைப் பிடித்துக்கொள்ளும்? அன்று முற்பகல் தேவை குறைந்து, கூரைச் சோலார் கூடியிருந்ததும் ஒரு காரணம் என்றார்கள். அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மருந்து பேட்டரியும் நல்ல கட்டுப்பாடும்.

காலமும் இருக்கிறது. பிரான்சில் பிளமன்வில் உலையை 2007இல் கட்டத் தொடங்கி, 2024 டிசம்பரில்தான் வலையில் இணைத்தார்கள். அணுவில் பழுத்த நாட்டுக்கே 17 வருடம். கழிவில் இருக்கும் புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 வருடம். அப்புறம், நம்மூர்ச் சம்பூரையே பாருங்கள்: நிலக்கரி நிலையம் வரவிருந்த இடம். 2016இல் அது கைவிடப்பட்டு, இப்போது அங்கே சோலார் திட்டம்.

ஐயாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. போல்ட்டுகளைக் கழற்றி, கறள் பிடிக்காத எஃகில் புதிதாகப் போட்டோம். இரண்டு மணி நேர வேலை. பதினொரு மணிக்கு இன்வெர்ட்டரில் மூன்று கிலோவாட் காட்டியது. மாரிக்கு முன் ஒருமுறை தண்ணீரில் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.