இறங்கிய தோளை இழுக்காதீர்கள்

பொங்கலையொட்டி ஊர் ஊராகக் கபடிப் போட்டி நடக்கும் நாட்களில் எங்கள் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு ஒரே மாதிரியான கேஸ்கள் வருகின்றன. கடைசியாக வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். ரெய்டு போன இடத்தில் கையைப் பிடித்து மடக்கியதில் வலது தோள் இறங்கிவிட்டது. அங்கேயே படுக்க வைத்து, அக்குளில் காலை ஊன்றி, கூட இருந்தவர்கள் இழுத்திருக்கிறார்கள். ஏறவில்லை. இன்னொருவர் வந்து முறுக்கிப் பார்த்திருக்கிறார். எங்களிடம் வந்தபோது தோளின் வெளிப்பக்கம் மரத்துக் கிடந்தது. எக்ஸ்ரேயில் மேற்கை எலும்பின் தலையருகே ஒரு துண்டு உடைந்து விலகியிருந்தது. விழுந்ததில் உடைந்ததா, இழுத்ததில் உடைந்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது.

“இழுத்துவிட்டா ஏறிடும் சார், எங்க ஊர்ல அப்படித்தான் செய்வோம்” என்றார் உடன் வந்தவர். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இடுப்பில் கிண்ணம் ஆழமானது, பந்து உள்ளே அடங்கியிருக்கும். தோளில் அப்படி இல்லை. டீ சாஸர் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோல, பந்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிண்ணத்தைத் தொடுவதே இல்லை. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது இதனால்தான். உடம்பின் பெரிய மூட்டுகளில் அதிகம் விலகுவது தோளாக இருப்பதும் இதனால்தான். பந்தை இடத்தில் நிறுத்துபவை கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற குருத்துநார் வளையம், மூட்டைப் போர்த்திய சவ்வு, ரொட்டேட்டர் கஃப் எனப்படும் 4 தசைகள். பந்துக்குச் சற்றுக் கீழே, மேற்கை எலும்பின் கழுத்தைப் பின்னாலிருந்து ஒட்டிச் சுற்றிக்கொண்டு அக்குள் நரம்பு போகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கும் டெல்டாய்டு தசைக்கு இந்த நரம்புதான் ஆதாரம்.

தோள் இறங்கியவுடன் சுற்றியுள்ள தசைகள் இறுகிவிடுகின்றன. இறுகிய தசையை எதிர்த்து வெடுக்கென்று இழுத்தால் விசை முழுவதும் எலும்பிலும் நரம்பிலும்தான் இறங்கும். நாங்களும் இழுக்கத்தானே செய்கிறோம் என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். தோளின் வெளிப்பக்கத் தோலில் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா, மணிக்கட்டில் நாடி துடிக்கிறதா என்று குறித்துக்கொள்கிறோம். வலி மருந்து கொடுத்து, தசை தளரும்வரை பொறுத்து, மெதுவாக ஏற்றுகிறோம். அப்புறம் இன்னொரு எக்ஸ்ரே. சினிமாவில் கதாநாயகன் சுவரில் மோதி ஏற்றிக்கொள்வதில் இந்த எதுவும் கிடையாது. வயதானவர்கள் என்றால் இன்னும் பயம். அவர்களுடைய ரத்தக்குழாய் இறுகிப் போயிருக்கும். முரட்டு இழுப்பில் கிழியலாம்.

இன்னொரு தப்பு, “ஏறிடுச்சு, வலி போச்சு” என்று அடுத்த வாரமே களத்தில் இறங்குவது. ஏறியது எலும்பு மட்டும்தான். கிழிந்த லேப்ரம் அப்படியே இருக்கிறது. 20 வயதுக்குள் முதல் முறை இறங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மறுபடியும் இறங்குகிறது. அப்புறம் சட்டை மாட்டும்போதுகூட இறங்கும். 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரச்சினை வேறு: ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருக்கலாம். கை ஏறிய பிறகும் தூக்க முடியவில்லை என்றால் ஸ்கேன் பார்க்காமல் விடாதீர்கள்.

வலிப்பு வந்தவருக்கும் கரண்ட் ஷாக் அடித்தவருக்கும் தோள் பின்பக்கமாக விலகலாம். நேர் எக்ஸ்ரேயில் அது ஏறக்குறைய சரியாகவே தெரியும். கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை என்றால் பக்கவாட்டுக் கோணத்திலும் ஒரு படம் கேளுங்கள். இதை இளம் மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சரி, களத்தில் என்ன செய்வது? கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் இருக்கட்டும். அக்குளுக்கும் கைக்கும் இடையில் ஒரு தலையணையோ சுருட்டிய பெட்ஷீட்டோ கொடுத்து, துண்டால் தாங்கிக் கட்டுங்கள். மோதிரம், வளையல், வாட்ச்சைக் கழற்றுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். தாமதிக்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நேரம் ஆக ஆக ஏற்றுவது கஷ்டம். விரல்கள் குளிர்ந்தாலோ வெளுத்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே யாராவது இழுத்துவிட்டார்களா? தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு இறங்கியது, எப்படி இழுத்தார்கள், மரத்துப் போனது அதற்கு முன்பா பின்பா என்பதெல்லாம் எங்களுக்குத் தேவை. யாரையும் திட்ட மாட்டோம்.