வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்துக்கு மாத்திரை ஏன் இன்னும் வரவில்லை?

"ஏனுங்க டாக்டர், இதுக்கு மாத்திரை ஏதும் இல்லீங்களா?" கோபியிலிருந்து ஈரோட்டுக்கு வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்ட எங்கள் அப்புச்சி கேட்ட கேள்வி இது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி என்ற பெரிய ரத்தக்குழாய் 4.1 செ.மீ. அகலத்துக்கு வீங்கியிருப்பது தெரிந்தது. சாதாரணமாக அது 2 செ.மீ. அளவில் இருக்கும். "இப்போதைக்கு இல்லைங்க, அடுத்த வருஷம் திரும்பப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

தேய்ந்துபோன சைக்கிள் டியூபில் காற்றடித்தால் மெலிந்த இடம் மட்டும் புடைக்குமே, கிட்டத்தட்ட அதே கதைதான். குழாய்ச் சுவருக்கு ரப்பர்போல விரிந்து சுருங்கும் தன்மை தரும் எலாஸ்டின் என்ற புரதத்தைச் சில நொதிகள் அரித்துவிடுகின்றன. அகலம் கூடக் கூடச் சுவர்மேல் விழும் இழுவிசையும் கூடுவதால், பெரிய வீக்கம் இன்னும் வேகமாகப் பெருக்கும். வெடித்தால் பிழைப்பது அரிது. ஆனால் ஆண்களுக்குப் பொதுவாக 5.5 செ.மீ. வரும்வரை அறுவை சிகிச்சையால் கூடுதல் ஆயுள் கிடைப்பதில்லை, அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

இந்தக் காத்திருக்கும் வருஷங்களுக்குத்தான் மருந்து தேடுகிறார்கள். டாக்ஸிசைக்ளின், நமக்கெல்லாம் தெரிந்த ஆன்டிபயாடிக்தான், அந்த நொதிகளைத் தடுக்கும். எலிகளில் நன்றாகவே வேலை செய்தது. அமெரிக்காவில் 250-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப்பேருக்கு அதையும், மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் 2 வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் சராசரியாக அதே 3.6 மி.மீ. வளர்ச்சி! எனக்கு இதைப் படித்தபோது மனசே விட்டுப்போயிற்று. எலிக்கு வீக்கம் உருவாகும்போதே மருந்து கொடுத்துவிடலாம், மனிதருக்கோ பல வருஷம் அரித்து முடிந்த பிறகுதான் கண்ணிலேயே படுகிறது. ரத்த அழுத்த மாத்திரைகளான ப்ரொப்ரனலால், பெரிண்டோப்ரில், அம்லோடிபின் ஆகியவையும் இப்படித்தான் தோற்றன.

அளப்பதே பெரும்பாடு என்பதையும் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு 2, 3 மி.மீ. வளரும் ஒன்றை அல்ட்ராசவுண்டில் அளந்தால், ஆள் மாறினாலே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். அதனால்தான் நூற்றுக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் தொடர வேண்டியிருக்கிறது.

சரி, இப்போது நம்பிக்கை எங்கே? சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வீக்கம் மெதுவாகத்தான் வளர்கிறது என்பதைக் கவனித்திருக்கிறார்கள். ஒருவேளை அவர்கள் சாப்பிடும் மெட்ஃபார்மின் காரணமோ என்று, சர்க்கரை இல்லாதவர்களுக்கே அதைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். சோதனை முடியும் முன் யாரும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

புகைத்தால் வீக்கம் வேகமாக வளரும் என்பது மட்டும் உறுதி. அப்புச்சி பீடிக்கட்டை அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டார். அடுத்த ஸ்கேனும் அதே இடத்தில்தான் எடுக்கப்போகிறோம்.