ஆயாம்மாவிடம் பேசிப் பார்த்தீர்களா?

ஜூன் மாதம் பள்ளி திறந்து சில வாரங்கள் போனால் போதும், என் கிளினிக்குக்கு ஒரே மாதிரியான புகார் வர ஆரம்பித்துவிடும். "டாக்டர், முன்னெல்லாம் ஒழுங்கா மோஷன் போயிட்டிருந்தான். ஸ்கூல்ல சேர்த்ததுலேருந்து மூணு நாளைக்கு ஒருதரம்தான் போறான், அதுவும் அழுதுகிட்டே." வயிற்றைத் தொட்டால் இடப்பக்கம் கெட்டியாகத் தட்டுப்படும். வாழைப்பழம், உலர்திராட்சை, விளக்கெண்ணெய் எல்லாம் ஏற்கெனவே பாட்டி கொடுத்துப் பார்த்திருப்பார்.

நான் சாப்பாட்டைப் பற்றி அப்புறம்தான் கேட்பேன். முதலில் கேட்பது, "நர்சரியில பாத்ரூம் எப்படி இருக்கும்? யார் கூட்டிட்டுப் போவாங்க?" பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. சேர்க்கப் போன அன்று ஸ்மார்ட் கிளாஸைக் காட்டினார்கள், பொம்மை அறையைக் காட்டினார்கள், சிசிடிவியை செல்போனிலேயே பார்க்கலாம் என்றார்கள். பாத்ரூமைக் காட்டவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

இரண்டரை வயதுக் குழந்தையைப் பெரியவர்களின் கம்மோடில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்தால் அதனால் முக்க முடியாது. உள்ளே விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு. காலை ஊன்ற ஒரு சின்னப் பலகை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். என்றைக்கோ டிரவுசரிலேயே போய்விட்டதற்கு "சீ, அசிங்கம்" என்று யாராவது மூக்கைப் பொத்தியிருந்தால் கதை இன்னும் சிக்கலாகிவிடும். குழந்தை அடக்க ஆரம்பிக்கும். அடக்கினால் மலம் கெட்டியாகும், கெட்டியானால் வலிக்கும், வலித்தால் இன்னும் அடக்கும். இந்தச் சுழலை நிறுத்த மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. சிறுநீரை அடக்கி அடக்கி யூரின் இன்ஃபெக்‌ஷனோடு வரும் பெண் குழந்தைகளும் உண்டு. ஒரு நர்சரி எப்படி நடக்கிறது என்பதை அதன் விளம்பர நோட்டீஸைவிட இந்தக் குழந்தைகளின் வயிறு எனக்குச் சரியாகவே சொல்லிவிடுகிறது.

நம் ஊர் நர்சரிகளில் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. மிஸ் சொல்லித்தருவார், ஆயாம்மா கழுவிவிடுவார். மிஸ் என்ன படித்தவர் என்று பெற்றோர் விசாரிக்கிறார்கள். ஆயாம்மாவின் பெயர்கூடப் பலருக்குத் தெரிவதில்லை. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஊட்டுவது, கை கழுவுவது, டயபர் மாற்றுவது, மூக்கைத் துடைப்பது, தூங்கவைப்பது, அழுதால் தூக்குவது. நாளின் பெரும்பகுதி அவர் கையில்தான் கழிகிறது. அந்த வயதுக் குழந்தை படிப்பதும் அந்த நேரத்தில்தான்.

"இந்தக் கைய நீட்டு. அந்தக் கை எங்க? சட்டைக்குள்ள ஒளிஞ்சுகிச்சா?" என்று கேட்டபடி ஒருவர் சட்டை மாட்டிவிட்டால் குழந்தை சிரிக்கும், கையை ஆட்டும், "கை" என்று சொல்லிப் பார்க்கும். அதற்கு அவர் திரும்ப ஏதாவது சொல்வார். பேச்சு வருவதே இந்தப் போக்குவரத்தில்தான். ரைம்ஸ் வீடியோ நாள் முழுக்க ஓடலாம்; குழந்தை சொன்ன ஒரு சொல்லுக்கு அது பதில் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, 2 வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று. மதியச் சாப்பாட்டுக்கு டிவி போட்டு ஊட்டும் இடங்களில் அந்தக் கணக்கு அப்போதே பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது.

இதில் எனக்குப் பொறுக்கவே முடியாத ஒன்று உண்டு. சில இடங்களில் ஆயாம்மாக்கள் குழந்தைகளிடம் தமிழில் பேசக்கூடாதாம். பெற்றோர் இங்கிலீஷைத்தான் விரும்புகிறார்கள் என்று நிர்வாகம் சொல்கிறது. ஆக, கதையும் பாட்டும் கேலியுமாகப் பேசத் தெரிந்த ஒரு பெண்மணி "கம், சிட், ஈட், நோ" என்ற நான்கு சொற்களோடு எட்டு மணி நேரம் ஓட்டுகிறார். குழந்தைக்கும் அந்த நான்கு சொல்தான் கிடைக்கிறது. அப்புறம் "ரெண்டரை வயசாச்சு, இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலை" என்று என்னிடம் கூட்டிவருகிறார்கள். பேச்சுத் தாமதத்துக்கு இதுவே காரணம் என்று சொல்லவில்லை, காது கேட்கும் திறனைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஆனால் பேச ஆளில்லாத குழந்தைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

நல்ல ஆயாம்மா இருந்தாலும் இருபது பேரை ஒருவரால் பார்க்க முடியாது. தனியார் ப்ளே ஸ்கூல்களுக்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 3 முதல் 6 வயது வரையிலான 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், கூடவே ஒரு பராமரிப்பாளர் என்கின்றன. அதைவிடச் சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம் பேர் வேண்டும். இங்கிலாந்தில் 2 வயதுக்குக் கீழ் என்றால் மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். நம் கட்டணத்துக்கு அது கட்டுப்படியாகாது, சரி. ஆனால் "இத்தனை பேரில் பெரியவர்கள் எத்தனை?" என்ற கேள்வியைக் கேட்கக் காசு ஆகாது.

எழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் குழந்தையால் வட்டம் போட முடியும், நாலு வயதில் கூட்டல் குறி, ஐந்து வாக்கில்தான் முக்கோணம். சாய்கோடே வராத கையிடம் இங்கிலீஷ் 'A' எழுதச்சொல்லி ஹோம்வொர்க் கொடுத்தால் அதை அம்மாதான் கையைப் பிடித்து எழுதுவார். அந்த நேரத்துக்குச் சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுக்கலாம், பழைய பேப்பரைக் கிழிக்க விடலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் நாம் கொஞ்சம் தேறியிருக்கிறோம். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு கூரையையும் மாடிப்படியையும் பார்க்கப் பழகியிருக்கிறோம். இன்னும் கண்ணில் படாதவை சின்னச் சின்ன விஷயங்கள்: ஸ்நாக்ஸ் டப்பாவில் வேர்க்கடலை, நறுக்காத முழுத் திராட்சை, பாத்ரூமில் நிரப்பிவைத்த பக்கெட். கடலை மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். தவழும் குழந்தை அரை பக்கெட் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது.

சேர்த்த முதல் வருடத்தில் எட்டு, பத்து தடவை சளி பிடிப்பது சாதாரணம்தான். காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்குக் காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்று நர்சரிக்காரர்கள் குறைபடுகிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு லீவு கிடைக்காது. 2017 சட்டத் திருத்தம் 26 வாரப் பேறுகால விடுப்பைத் தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. ஜவுளிக்கடையிலோ சின்னப் பட்டறையிலோ வேலை பார்ப்பவருக்கு இதில் என்ன கிடைத்தது? காய்ச்சல் நாளைக்கு யார் வீட்டில் இருப்பது என்பதைச் சேர்க்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். அப்பாவின் லீவையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், அப்போது எல்லா நர்சரியும் அழகாகத்தான் இருக்கும். மதியம் சாப்பாடு முடிந்து தூங்கவைக்கும் நேரத்தில் போங்கள். ஆயாம்மாவிடம் பெயரைக் கேளுங்கள், இங்கே எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். வருடத்துக்கு மூன்று ஆயாக்கள் மாறும் இடத்தில் சம்பளம் எப்படி என்பதை ஊகித்துக்கொள்ளலாம். குழந்தை ஒவ்வொரு முறையும் புது முகத்தோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் சில நாள் அம்மாவோ அப்பாவோ கூட உட்கார விடுவார்களா என்றும் கேளுங்கள். கேட்டிலேயே பிடுங்கிக்கொண்டு போகும் இடம் எனக்குப் பிடிப்பதில்லை. சொல்லாமல் நழுவி வருவதும் வேண்டாம், அழுதாலும் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

ஆரம்பத்தில் அழுவது, படுக்கையில் மறுபடி ஈரம் செய்வது, ராத்திரி ஒட்டிக்கொள்வது எல்லாம் சில வாரங்களில் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அடங்கவில்லை, பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சைக் குறைத்துவிட்டது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டாலே ஒளிகிறது, உடம்பில் காரணம் தெரியாத காயம் என்றால் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் வரும்போது நர்சரியில் எத்தனை மணிக்குச் சாப்பாடு, யார் ஊட்டுகிறார், எங்கே தூங்கவைக்கிறார்கள், கடைசியாக எப்போது பாத்ரூம் போனது என்பதையெல்லாம் விசாரித்துக்கொண்டு வாருங்கள்.